வருகைப் பதிவு

கோத்தகிரி வாசகசாலை மாடியில்
மழைக்கு ஊறிப் பருத்த கதவைத் தோளால் இடித்துத் திறந்து
பதினாறு நாற்காலி போட்டோம்.
வந்தவர் ஒன்பது பேர்.
நாற்காலி வாடகை என்னவோ பதினாறுக்கும்தான்.

எழுதுவது என் வேலை.
கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று
முதல் கூட்டத்திலேயே என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நடந்தது எல்லோருக்கும் தெரியும்,
இருந்தாலும் எழுது என்றார்கள்:
ஞாயிற்றுச் சந்தையில், பூண்டுக் கடைக்கு முன்னால்,
தாயைத் தவறவிட்டு அழுத குழந்தைக்கு
ஆரஞ்சு மிட்டாய் நீட்டினான் சுக்ரா ஒராவன்.
மூன்று நாளாகவே எல்லோர் போனிலும்
பிள்ளை பிடிக்கிறவனாக அவன் வந்துகொண்டிருந்தான்.
அவன் முகம் இல்லை அது.
வடக்கே யாரோ ஒருவனின் முகம்.
போதுமாக இருந்தது.

"அடித்தவர்கள்" என்று எழுதினேன்.
"பொதுமக்கள்னு போடுங்க" என்றார் மளிகைக்கடை ஹம்சா.
"அப்ப நான் யாரு?" என்று கேட்டாள் நர்ஸ் மாதி,
அவன் புருவத்தில் ஐந்து தையல் போட்டவள்.
அரைமணி நேரம் அந்த ஒரு சொல்லிலேயே போயிற்று.
டீ ஆறியது.
கடைசியில் "சிலர்" என்று எழுதினேன்.
எத்தனை பேரும் ஒளிந்துகொள்ளலாம் சிலருக்குள்.

பெள்ளி எழுந்தார். இலை லாரி ஓட்டுகிறவர்.
"மொதல்ல விழுந்தது என் கை" என்றார்,
யாரும் கேட்காமலே.
மன்னிப்பு என்ற சொல் வருமென்று
பேனாவைத் தயாராக வைத்திருந்தேன்.
அவர் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பிறந்தால் சுக்ரா,
அவர்கள் ஊர் வழக்கம் அப்படி.
பெள்ளி என்றால் படுகத்தில் வெள்ளி.
தமிழில் இரண்டும் ஒரே சொல் என்று
வாய் சும்மா இருக்காமல் சொல்லிவைத்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.
பெள்ளி மட்டும் ஒருமுறை சுக்ராவைப் பார்த்தார்,
பிறகு தன் கையை.

எழுபத்து மூன்றில்
என் அப்பா தகரப் பெட்டியோடு வந்து இறங்கியபோது
சிலோன்காரன் வந்தாச்சு,
கோழியைக் கூடையில் மூடு என்றதாம் இந்த ஊர்.
இதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.
அதற்கென்று யாரும் அன்று கூட்டம் போடவும் இல்லை.

இன்னொன்றையும் எழுதவில்லை.
அந்த ஞாயிறு
பூண்டுக் கடைக்கு இரண்டு கடை தள்ளி
நான் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
சத்தம் கேட்டது.
முற்றியதைத் தள்ளி, பிஞ்சாகப் பார்த்து
அரைக்கிலோ பொறுக்கி முடித்தேன்.
எடைக்கல் சரியா என்றுகூடப் பார்த்தேன்.

தீர்மானம் ஒன்று:
ஞாயிறுதோறும் சந்தையில் ஒரு மேசை.
தமிழ், படுகம், சாத்ரி தெரிந்தவர் இருவர் அங்கே இருப்பது.
முதல் வாரம் யார் என்றதும்
எல்லோருக்கும் ஜன்னலில் ஏதோ தெரிந்தது.
வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றுமில்லை.

அதுவரை பேசாதிருந்த சுக்ரா,
எட்டு மாதத்தில் கற்ற தமிழில்,
எஸ்டேட் மேஸ்திரியிடம் கேட்டுப் பழகிய தொனியில்,
ஒன்றே ஒன்று கேட்டான்:
"அந்தப் பாப்பா வூட்டுக்குப் போச்சா?"

ஹம்சா மாதியைப் பார்த்தார்.
மாதி என்னைப் பார்த்தாள்.
பதினொரு நாள், நான்கு கூட்டம்,
காவல் நிலையத்துக்கு இரண்டு மனு.
குழந்தையின் பெயர்கூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"நாளைக்கு லாரியில போய் விசாரிக்கறேன்,
நீயும் வா, உனக்குத்தான் மூஞ்சி தெரியும்" என்றார் பெள்ளி.
சுக்ரா வருகிறேன் என்று சொல்லவில்லை.
புருவத்துத் தையலைத் தடவிக்கொண்டிருந்தான்.

முதல் ஞாயிற்றுக்கு என் பெயரை எழுதினேன்.
பக்கத்தில் ஒரு கோடு, இரண்டாமவருக்கு.

நிலுவை:
நாற்காலி வாடகை நூற்றறுபது.
குழந்தை.